மணியோசை வேண்டாமா?

அலுவலகத்தில் அவளுக்குத் திருகாணி என்று பெயர். அவள் காதில் விழாமல்தான் சொல்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரியும், கோபமும் கிடையாது. ஒரு மென்பொருளில் எதையெல்லாம் திருப்பலாம், எவ்வளவு திருப்பலாம், யாருமே தொடாவிட்டால் அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவள் வேலை. இதைவிடப் பொருத்தமான பெயரைக் காசு கொடுத்தாலும் யாரும் வைக்க மாட்டார்கள் என்று கணவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மென்பொருள் ஒன்றும் விண்வெளிச் சமாச்சாரம் இல்லை. முதியோர் இல்லங்களுக்கான அழைப்பு மணி. அங்கே தங்கியிருப்பவர்களின் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். அதை அழுத்தினால் பணியில் இருக்கும் நர்ஸ்களின் கைபேசி ஒலிக்கும், திரையில் அறை எண் தெரியும். அவ்வளவுதான். ஆனால் மணி எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும், ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்குப் போக வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கேட்டே அமைப்புகள் பக்கம் நீண்டுகொண்டு போனது. கூட்டத்தில் எதற்காவது முடிவு கிடைக்காவிட்டால், "செட்டிங்ஸ்ல போட்டுடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே எல்லோருக்கும் முகம் தெளிந்துவிடும், எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். நாம் எடுக்கத் தயங்கிய முடிவை முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கட்டிவிட்டு வருவதற்கு என்ன ஒரு நாகரிகமான பெயர் என்று திருகாணி முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே அந்த விசையையும் சேர்ப்பாள்.

விசைகளுக்கு மூன்று அடுக்கு உண்டு. முதலில் நிறுவனம் வைத்து அனுப்பும் அளவு. அதன்மேல் அந்தந்த இல்லம் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் மேலே அவரவர் கைபேசியில் அவரவர் வைத்துக்கொள்வது. மூன்றும் முட்டிக்கொண்டால் கைபேசியில் இருப்பதுதான் செல்லும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதை அவள் குடும்பக் கதையாகவே சொல்வாள். மாமனார் உப்பு குறையட்டும் என்பார், மாமியார் கூடட்டும் என்பாள், கடைசியில் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் போட்டதுதான் உப்பு. இந்த விதியை வகுத்தவளும் அவள்தான். நின்று வேலை செய்கிறவளுக்குத் தெரியாததா உட்கார்ந்து எழுதுகிற நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்பது அவள் கட்சி.

மரியாதை விஷயத்திலும் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பழைய திரையில் எல்லாமே அதிகாரமாக இருக்கும். 'மணியோசையை நிறுத்து', 'அதிர்வை நிறுத்து' என்று அடுக்கி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிற பெண்களிடம் இப்படியா பேசுவது என்று அவளுக்கு ஆற்றாமை. போன முறை மென்பொருளைப் புதுப்பித்தபோது எல்லாக் கட்டளைகளையும் அவளே உட்கார்ந்து கேள்விகளாக மாற்றினாள். புதிய பதிப்பு இறங்கியதும் ஒவ்வொரு கைபேசியும் தன் சொந்தக்காரியிடம் ஒருமுறை பணிவாகக் கேட்டது. 'அதிர்வு வேண்டாமா?' 'மணியோசை வேண்டாமா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அழகாக வந்திருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்த இல்லங்களில் ஒன்றில் அவள் நாத்தனார் நர்ஸாக இருந்தாள். நாற்பதை நெருங்கிவிட்டாள் என்றாலும் வீட்டுக்கு அவள் பாப்பா. அதே வீட்டின் மாடியில் அம்மாவோடு இருந்தாள். அண்ணிக்கும் பாப்பாவுக்கும் இதுநாள்வரை சண்டை என்று ஒன்று வந்ததில்லை. ஒரு சண்டையாவது வந்திருந்தால் தேவலை என்னும்படியாக அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "சாப்டாச்சா", "ஆச்சு" என்பதோடு சரி. பாப்பா குழாயைச் சரியாக மூடமாட்டாள், வெளிக்கதவைச் சாத்த மறந்துவிடுவாள். இதையெல்லாம் அண்ணி வாய்விட்டுச் சொன்னதில்லை, போய் மூடிவிட்டு வருவாள். மூடுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் கணவன் இரண்டு பக்கமும் தலையாட்டியே காலத்தை ஓட்டிவிட்டான்.

அந்த மதியம் பாப்பாவோடு பணியில் இருக்க வேண்டிய இன்னொரு நர்ஸ் ஒரு நோயாளியை மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தாள், அதனால் அழைப்புகள் எல்லாம் பாப்பாவின் கைபேசிக்கு மட்டுமே வந்தன. கடைசி அறையில் இருந்த ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை, எல்லோருக்கும் டைப் டீச்சர், குளியலறையில் வழுக்கி விழுந்தார். கழுத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். யாரும் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். பாப்பா மறுகோடி அறையில் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தாள், கைபேசி அவள் சட்டைப் பையில்தான் இருந்தது, ஒலிக்கவில்லை, அதிரவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை கொடுக்கப் போனபோதுதான் பார்த்தாள். டைப் டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள், இனி நடப்பாரா என்பதை மட்டும் போகப்போகத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இல்லத்து நிர்வாகி பாப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். நான் மணியை அணைக்கவே இல்லை என்று பாப்பா சொன்னாள். அப்படியானால் ஏன் ஒலிக்கவில்லை, யார் அணைத்தது என்று நிர்வாகி மென்பொருள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டார். அந்தப் பதில்தான் தீர்ப்பு. அவள் அணைத்தாள் என்று வந்தால் வேலை போகும், அதோடு விடாது. விழுந்த கிழவியைக் கிடக்கவிட்டவள் என்ற பேரோடு அவளை வேறெந்த இல்லமும் வாசலில் சேர்க்காது.

கேள்வி சுற்றிச் சுற்றித் திருகாணியின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அந்த நர்ஸ் என் நாத்தனார், வேறு யாராவது பார்க்கட்டும் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாள். முதலாளி அவளைவிட வயதில் சின்னவர், நல்ல மாதிரி, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். பதிவில் இருப்பதைத்தானே எழுதப் போகிறோம், இதில் உறவு என்ன செய்யும், இரண்டு வரி போதும் என்று சொல்லிவிட்டார்.

பதிவைத் திறந்தாள். பாப்பாவின் கைபேசி. மணியோசையும் அதிர்வும் அணைக்கப்பட்டிருந்தன. புதிய பதிப்பு இறங்கிய அன்றைக்கு, பாப்பாவின் பணி நேரத்தில், பாப்பாவின் விரலால். மற்ற நாளெல்லாம் பக்கத்தில் இன்னொரு நர்ஸின் கைபேசி அலறியதால் தன்னுடையது வாய்மூடிக் கிடந்ததை அவள் கவனித்திருக்க மாட்டாள். குழாயை மூடாதவள், கதவைச் சாத்தாதவள், இதையும் கவனிக்கவில்லை. நான் நினைத்ததுதானே என்று திருகாணியின் மனதுக்குள் சின்னதாக ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. அடுத்த கணமே அதற்காக வெட்கப்பட்டாள். பக்கத்துப் பத்தியில் டைப் டீச்சர் பொத்தானை அழுத்திய நேரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நின்றன. அவளால் அந்தப் பத்தியைக் கடைசிவரை பார்க்க முடியவில்லை.

அறிக்கையை எழுதுவதற்கு முன்னால் பாப்பாவிடம் நேராகச் சொல்லிவிடுவதுதான் முறை என்று அன்று மாலை மாடி ஏறினாள். உள்ளே மாமியார் மகளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். வேலையும் போய், ஊரார் வாயிலும் விழுந்து, இந்த வயதில் இதெல்லாம் பார்க்க வேண்டுமா என்று தொடங்கி, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"வயசானவங்களை உன்னை நம்பி ஒப்படைச்சிருக்காங்க. போனைக் கையில வச்சிருக்கிறவளுக்கு ஒரு கவனம் வேண்டாமா?"

துணி மடித்துக்கொண்டிருந்த பாப்பா தலை நிமிரவில்லை. "ஆமா, வேணும். யாரு இல்லைன்னு சொன்னது?"

திருகாணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வேண்டாமா என்று கேட்டதற்கு ஆமா என்று பதில். ஆமா என்றால் வேணும். மாமியாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், நிலைப்படியில் நின்று கேட்ட திருகாணியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வீட்டில் இருக்கிற யாருக்கும் அதில் குழப்பமே இல்லை. அவள் எழுதிய மென்பொருளுக்குத்தான் ஆம் என்றால் ஆமாம், வேண்டாம்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். புது அப்டேட் வந்த அன்றைக்குப் போன் உன்னிடம் என்னென்ன கேட்டது, நினைவிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள்.

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். "வரிசையா என்னென்னவோ கேட்டுச்சு, அண்ணி. மணியோசை வேண்டாமான்னு ஒண்ணு. இது என்ன கேள்வி, மணி இல்லாம என்ன நர்ஸ் வேலைன்னு நினைச்சேன். ஆமான்னு போட்டேன்."

வந்த விஷயத்தைத் திருகாணி சொல்லவில்லை. ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். பயம்தான், வேறொன்றுமில்லை. கணவன் என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள், அவனும் வழக்கம்போலத் தலையாட்டினான்.

மறுநாள் காலை அலுவலகம் நிறைவதற்குள் போய் உட்கார்ந்து, எல்லா இல்லங்களின் கைபேசிகளையும் பார்த்தாள். மூன்றில் ஒன்றில் மணியோசை அணைந்து கிடந்தது. பழைய திரை இருந்த காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அப்படி இருக்கும். ஒரே வாரத்தில் இத்தனை நர்ஸ்களுக்கும் ஒன்றாகப் பொறுப்பு விட்டுப்போகுமா? அத்தனை பேரும் அந்தக் கேள்வியைத் திட்டுகிற அம்மாவின் குரலில் படித்திருக்கிறார்கள், வேண்டும் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று அழுத்தியவர்கள் பிழைத்தது அவரவர் அதிர்ஷ்டம். இதோ இந்த நிமிஷம்கூட எங்கோ ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பில் அவளுக்கு உட்கார முடியவில்லை.

முதலாளி வந்ததும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தயங்கவில்லை. உடனே எல்லாக் கைபேசியிலும் மணியை ஒலிக்கவிடச் சொன்னார். கரண்டி யார் கையிலோ அவர் இஷ்டம் என்று தான் வகுத்த விதியைத் திருகாணி தானே உடைத்தாள். ஒவ்வொரு இல்லத்திலும் சோதித்துப் பார்க்கச் சொல்லிச் செய்தி போயிற்று. மதியத்துக்குள் ஒரு கைபேசி பாக்கியில்லாமல் மணி பேசியது.

அறிக்கை விஷயத்தில்தான் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சரிசெய்தாகிவிட்டது, இனி யாருக்கும் ஆபத்தில்லை, அதற்கு மேல் எதற்கு என்றார். பயனாளி மணியோசையை அணைத்தார் என்று பதிவில் இருக்கிறது, அதை அப்படியே எழுதினால் பொய் ஆகாது என்றார். கேள்வி தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்தால் வழக்கு வரும், மற்ற இல்லங்கள் கழன்றுகொள்ளும். "இங்க வேலை பார்க்கிற இத்தனை பேரோட குடும்பம் இருக்கு. அதையும் நீங்க நினைச்சுப் பார்க்க வேண்டாமா?"

ஆமா, வேணும் என்று அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. அந்த வார்த்தை அவளை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று.

தன் இடத்துக்கு வந்து அந்த ஒற்றை வரியைத் தட்டிப் பார்த்தாள். பயனாளி மணியோசையை அணைத்தார். மூன்று வார்த்தை, மூன்றும் நிஜம். சேர்த்துப் படித்தால் பச்சைப் பொய். பாப்பாவை அவளுக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடித்திருந்தால் இந்த வரியை அழிப்பது சுலபமாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. பிடிக்காதவளுக்கு அநியாயம் நடக்கும்போது, அதைத் தன் கையாலேயே செய்யும்போது, மனது அதற்கு எத்தனை நல்ல காரணங்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துகிறது என்று பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. முதலாளியின் காரணங்களோடு குழாயும் கதவும்கூட வந்து நின்றிருந்தன.

அழித்துவிட்டு எழுதினாள். நாங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. அந்த நர்ஸ் மணி வேண்டும் என்றுதான் பதில் சொன்னார், மென்பொருள் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது. அவரைப் போலவே பதில் சொன்னவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். கேள்வியை எழுதியது நான். கீழே தன் பெயரைப் போட்டாள். அந்த நர்ஸ் தன் கணவனின் தங்கை என்பதையும், பின்னால் யாரும் தோண்டியெடுத்து வேறு அர்த்தம் கட்ட வேண்டாம் என்று, சேர்த்தே எழுதிவிட்டாள்.

முதலாளி நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ, இதை அனுப்ப வேண்டாமா?"

அனுப்பாமல் விடலாம் என்கிறாரா, அனுப்பத்தான் வேண்டும் என்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. ஆமா என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், "அனுப்பணும்" என்றாள். அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். தடுக்கவில்லை.

அன்று மாலை மாடி ஏறி, முந்தின நாள் சொல்லாமல் விட்டதைப் பாப்பாவிடம் சொன்னாள். உன் மேல் தப்பில்லை, கேள்வி நான் எழுதினது என்றாள். பாப்பாவின் முகத்தில் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. வரவில்லை.

"என் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு. சரி. அந்தம்மா ஈரத் தரையில கிடந்தாங்களே, அண்ணி. ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன். நான் கூப்பிட்டது கேட்கலையாம்மான்னு கேட்டாங்க. அதுக்கு நான் ஆமான்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா?"

பிறகு பாப்பாவின் குரல் உயர்ந்தது. நேற்றே தெரிந்தும் ஏன் சொல்லாமல் இறங்கிப் போனீர்கள் என்று கேட்டாள். ஒரு ராத்திரி முழுக்க நான் எதை அழுத்தினேன், எதை அழுத்தினேன் என்று விரலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேனே, உங்களுக்கு என்ன போயிற்று என்றாள். மரியாதை, மரியாதை என்று பேசாமலே இத்தனை வருஷம் என்னைக் குற்றவாளியாகத்தானே வைத்திருந்தீர்கள் என்றாள். குழாய் மூடும் சத்தம் மாடிக்குக் கேட்காது என்று நினைத்தீர்களா என்றும் கேட்டாள். அத்தனையும் உண்மை. அந்த வீட்டில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடந்த முதல் சண்டை அதுதான், அதிலும் பேசியவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு படிக்கட்டில் "சாப்டாச்சா"வும் நின்றுபோனது. அலுவலகத்திலும் ஏறக்குறைய அதே கதை. இரண்டு இல்லங்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. அமைப்புகள் பக்கத்தின் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அதற்கு முன்னால் திருகாணி கடைசியாக ஒரு வேலை செய்தாள். எல்லாக் கேள்விகளையும் எடுத்துவிட்டாள். இப்போது திரையில் 'மணி ஒலிக்கிறது' என்று இருக்கும். தொட்டால் 'மணி ஒலிக்காது' என்று மாறும், அதுவும் சிவப்பில். கேட்பதும் இல்லை, அதட்டுவதும் இல்லை, இருப்பதை இருக்கிறபடி சொல்லும். மரியாதை என்பது அவ்வளவுதானோ என்று அவளுக்குத் தோன்றியது, ரொம்பத் தாமதமாக.

இல்லத்திலிருந்து பாப்பாவுக்குக் கடிதம் வந்தது. தவறு உங்களுடையது அல்ல, பணிக்குத் திரும்பலாம் என்று எழுதியிருந்தார்கள். டைப் டீச்சரும் சக்கர நாற்காலியில் அதே அறைக்குத் திரும்பியிருந்தார். வேலைக்குப் போவதற்கு முந்தின மாலை பாப்பா படி இறங்கி வந்தாள். மாமியாரும் பின்னாலேயே வந்தாள். கணவன் படித்துக்கொண்டிருந்ததை மடித்து வைத்தான். பாப்பா யாரையும் பார்க்காமல் கைபேசியை மேசைமேல் அண்ணிக்கு எதிரே வைத்தாள்.

"இப்ப அடிக்குமா?"

திருகாணி எழுந்துபோய்ப் பையிலிருந்து, சோதிப்பதற்காக வைத்திருக்கும் பொத்தானை எடுத்துவந்தாள். கழுத்துக் கயிறு அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அழுத்தினாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, அந்த ஒரு கணத்தில் டைப் டீச்சரின் ஒரு மணி நேரம் என்னவாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பிறகு மணி அடித்தது. மேசை அதிர, சுவரில் பட்டுத் திரும்ப, வீடு முழுக்க அடித்தது.

பாப்பா கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைக்கவில்லை. திருகாணிக்கும் அதே நிலைமைதான். நிறுத்தும் பொத்தான் திரையில் பெரிதாக மின்னிக்கொண்டிருந்தது, இரண்டு பேர் கையும் அதை நோக்கிப் போகவில்லை.

மாமியார் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏண்டி, அதுபாட்டுக்குக் கத்துதே, நிறுத்த வேண்டாமா?"

"வேண்டாம்" என்றாள் பாப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.